மருந்து வைத்துக் கொல்கிறவர்கள் யார்?

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இரண்டு நாள் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்து இறந்துவிட்டார். மருமகள்தான் சாப்பாட்டில் ஏதோ போட்டுவிட்டாள் என்று அயலட்டை முழுக்கக் கதை. உண்மையில் நஞ்சு வைத்துக் கொல்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அதைக் கண்டுபிடிக்க முடியுமா? இப்போது என்ன செய்வது?"

முதலில் அந்த மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரேத பரிசோதனை நடந்ததா, நடந்திருந்தால் அறிக்கை என்ன சொல்கிறது என்று தெரியாமல் அவருடைய பெயரை இதில் இழுப்பது பெரிய அநியாயம். சத்தியும் வயிற்றோட்டமும் எத்தனையோ காரணங்களால் வரும். பழுதான சாப்பாடு, கட்டுப்பாடு இழந்த நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வயதானவர்களுக்கு மாரடைப்பே சத்தியாகத் தொடங்குவதுண்டு. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது "மர்மக் காய்ச்சல்" என்று சனம் நடுங்கியது. மாதிரிகளைப் பரிசோதித்த பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அதே காய்ச்சலில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் போயிருந்தால், அந்த வீட்டு மருமகளின் தலையில்தான் பழி விழுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீண்ட காலம் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் நின்ற சட்டத்தரணி நான். அந்தப் பழக்கத்தில் இதை மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். நஞ்சால்தான் இறந்தாரா? அப்படியென்றால் அது எப்படி உடம்புக்குள் போனது? இன்னொருவர் கொடுத்தாரென்றால், யார்? ஊர் எப்போதும் மூன்றாவது கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது கேள்வியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் நஞ்சால் நிகழும் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை இன்னொருவர் கொடுத்து வந்தவை இல்லை. மனம் உடைந்தவர்கள் தாங்களே தேடிக்கொண்டவை. யாழ்ப்பாணத்தின் மருத்துவர்கள் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் மஞ்சள் அலரி நஞ்சால் பாதிக்கப்பட்ட 170 பேரை ஆராய்ந்து 1988ல் ஒரு சர்வதேச சட்ட மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தத் துறையில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. இலங்கை முழுவதுக்கும் 1990களின் நடுப்பகுதிதான் தற்கொலையில் மிக மோசமான காலம். மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த பிறகு அந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஒருவர் கோபத்திலும் துக்கத்திலும் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இதை வாசிக்கும் யாராவது அப்படியொரு நிலையில் இருந்தால் தயவுசெய்து 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அப்புறம் தற்செயல். மரவள்ளியில் சயனைட் உண்டு. கசப்பு வகையைச் சரியாக அவிக்காமல் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பேத்தை மீன் தின்று கரையோரக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த தோட்ட மருந்தைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் தள்ளிய பிறகு மிஞ்சுகிற சிறு பங்குதான் நீங்கள் கேட்கிறது.

அந்தச் சிறு பங்கில் வருகிறவர்கள் யார்? உலகெங்கும் நிரூபிக்கப்பட்ட வழக்குகளை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கொடுத்தவர் வெளியாள் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறவர், குளிசை எடுத்துக் கொடுக்கிறவர், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் என்று நெருங்கிய ஆள். நஞ்சு வைப்பதற்குக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கவும் வேண்டும், குடிக்கிறவர் நம்பவும் வேண்டும். ஊர் சந்தேகப்படும் பகையாளிக்கு அந்த இரண்டும் கிடைப்பது அருமை.

இலங்கையில் இதற்கு மறக்க முடியாத சாட்சி மத்தியூ பீரிஸ் வழக்கு. கொழும்பில் அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றின் குரு அவர். பேய் ஓட்டுகிறவர் என்று பெயர் பெற்று, சனம் தேடிப் போன மனிதர். அவருடைய செயலாளராக இருந்த டல்ரின் இங்ரமின் கணவர் ரசல் இங்ரம் 1978ல் இறந்தார். அடுத்த வருஷம் பீரிஸின் மனைவி யூனிஸ் இறந்தார். இருவருக்கும் காரணமே தெரியாமல் இரத்தத்தில் சீனி விழுந்துகொண்டிருந்தது. ஒரு நோயாளி என்றால் வைத்தியர்கள் ஏதோ அபூர்வ நோய் என்று விட்டிருப்பார்கள். ஒரே வளவுக்குள் இருந்து இரண்டாவது ஆளும் அதே குணத்தோடு வந்ததும் அவர்களுக்குப் பொறி தட்டியது. நீரிழிவுக்காரர் எடுக்கும் மருந்தை, நீரிழிவு இல்லாத இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் வழக்கு. 1984ல் பீரிஸும் டல்ரினும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர் கொடுப்பதைக் கண்ணால் கண்ட சாட்சி யாரும் இல்லை. சூழ்நிலைச் சாட்சியங்களை ஒன்றோடொன்று கோர்த்துத்தான் நிரூபித்தார்கள். ஒரு குருவானவரை அயலவர்கள் யார் சந்தேகித்திருப்பார்கள்?

கேரளத்தில் 2022 அக்டோபரில் ஷாரோன் ராஜ் என்ற மாணவனுக்கு நடந்தது இன்னும் நெஞ்சை அறுக்கும். 23 வயது. காதலித்த பெண் கிரீஷ்மா, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொல்லி, களைகொல்லி கலந்த கஷாயத்தைக் கொடுத்தார். வேறு இடத்தில் நிச்சயமான கலியாணத்துக்கு அவன் தடையாக இருப்பான் என்பதே காரணம். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் துடித்த அந்தப் பொடியன், அவளைக் காட்டிக்கொடுக்க மனம் இல்லாமலே இருந்தான். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் கிரீஷ்மாவுக்கு மரண தண்டனை விதித்தது. தடயத்தை அழிக்க உதவிய மாமனுக்கும் தண்டனை கிடைத்தது.

நஞ்சு பெண்களின் ஆயுதம் என்ற பேச்சு எங்கும் உண்டு. எங்கள் ஊரில் அது மருமகள், மாமியார், "கீப்" என்று சொல்லப்படும் பெண் ஆகியோரின் மேல்தான் போய் இறங்குகிறது. சமையல் பெண்களின் கையில் இருப்பதால் சந்தேகமும் சமையலறைக்குப் போகிறது, அவ்வளவுதான். பீரிஸ் ஆண். இங்கிலாந்தின் கிரஹாம் யங்கும் ஆண். பதினான்கு வயதிலேயே தன் குடும்பத்தாருக்கு நஞ்சு கொடுத்ததற்காக 1962ல் பிடிபட்டு, மனநல வைத்தியசாலையில் இருந்து 1971ல் வெளியே வந்து, வேலைத்தலத்தில் தேநீர் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டு இரண்டு சக ஊழியர்களைக் கொன்றார். கணக்கில் எல்லாரையும் மிஞ்சியவர் ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப வைத்தியர். தன்னை நம்பிய முதியவர்களுக்கு வலிநிவாரண ஊசியைக் கூடுதலாக ஏற்றிக் கொன்றார். 2000ம் ஆண்டு 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பின்னர் நடந்த பொது விசாரணை 215 பேர் என்று முடிவு செய்தது.

ஷிப்மனைப் பற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் உடலைத் தகனம் செய்ய இன்னொரு வைத்தியரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. பக்கத்து மருத்துவ நிலையத்தில் இருந்த லிண்டா ரெனால்ட்ஸ் என்ற வைத்தியர், இந்த ஒருவரிடம் இருந்து இத்தனை படிவங்கள் வருகின்றனவே என்று 1998ல் முறையிட்டார். அந்த விசாரணையைப் பொலிஸ் அரைகுறையாக முடித்துவிட்டது. அதன் பிறகும் சிலர் செத்தார்கள். கடைசியில் ஒரு மூதாட்டியின் பெயரில் போலி உயில் தயாரித்துத்தான் ஷிப்மன் மாட்டினார். புதைத்திருந்ததால் அந்த அம்மாவின் உடலைத் தோண்டிப் பரிசோதிக்க முடிந்தது. மோர்பின் என்ற வலிநிவாரணி இருந்தது.

இப்போது கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் முடியவில்லை என்பது உண்மை. ஆர்சனிக் கொடுத்தால் வாந்திபேதி போலவே தெரியும், ருசியும் பெரிதாக இல்லை. பிரான்சில் அதை வாரிசுத் தூள் என்றே அழைத்தார்கள், சொத்துக்காக அவ்வளவு பேர் செத்தார்கள். 1832ல் இங்கிலாந்தில் ஜோன் பொடில் என்பவர் தன் பாட்டனாருக்குக் கோப்பியில் ஆர்சனிக் போட்டதாக வழக்கு வந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற இரசாயன நிபுணர் ஆர்சனிக் இருப்பதைக் கண்டார். ஆனால் அந்த மாதிரி ஜூரிகளுக்கு முன் வருவதற்குள் பழுதாகிவிட்டது, பொடில் விடுதலையானார். பின்னர் தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆத்திரத்தில் மார்ஷ் உட்கார்ந்து, மிகச் சிறிய அளவையும் பளிச்சென்று காட்டும் ஒரு பரிசோதனையை 1836ல் வெளியிட்டார். சட்ட இரசாயனம் என்ற துறையே உண்மையில் அங்கிருந்துதான் எழுந்து நிற்கிறது. நான்கு வருஷத்தில் பிரான்சில் மரி லஃபார்ஜ் என்ற பெண்ணின் வழக்கில் அந்தப் பரிசோதனையே தீர்ப்பைத் தீர்மானித்தது.

சரி, உலோக நஞ்சுகள் பிடிபட்டன. தாவர நஞ்சுகள் உடம்புக்குள் கரைந்து மறைந்துவிடும் என்று அப்போதும் நம்பினார்கள். 1850ல் பெல்ஜியத்தில் பொகார்மே என்ற பிரபு, சொத்துக்காக மைத்துனனைக் கொன்றார். ஆயுதம் பொயிலையில் இருந்து எடுத்த நிகோடின். எங்கள் ஊர்த் தோட்டங்களில் நிற்கும் அதே பொயிலைதான். ழான் ஸ்டாஸ் என்ற இரசாயனவியலாளர் மாதக்கணக்கில் பாடுபட்டு, இறந்தவரின் உறுப்புகளில் இருந்தே அந்த நிகோடினைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1851ல் பிரபுவின் தலை போனது. ஸ்டாஸ் கண்ட முறையைத் திருத்தித் திருத்தித்தான் பிற்கால ஆய்வுகூடங்கள் நூறு வருஷத்துக்கு மேல் வேலை செய்தன. இன்றைக்கு இரத்தம், சிறுநீர், ஈரல், தலைமயிர், நகம், கண்ணுக்குள் இருக்கும் திரவம் என்று எதில் இருந்தும், மிக நுண்ணிய அளவிலும் பார்க்கிறார்கள்.

ஆகவே நஞ்சு வைத்தவர்கள் தப்பினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஆய்வுகூடத்தின் இயலாமை இல்லை. யாரும் பரிசோதிக்கக் கேட்கவே இல்லை என்பதுதான் காரணம்.

இதில் எங்கள் ஊர்ப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. ஒருவர் வீட்டில் இறந்தால், "அவரை அறுக்க விடமாட்டம்" என்று குடும்பம் அழும். தெரிந்தவர்களைப் பிடித்து, வருத்தக்காரர்தான் என்று சொல்லி, விடிந்ததும் செத்தவீட்டை நடத்திச் சுடலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. பெற்ற தகப்பனின் உடலைக் கத்தி வைக்கக் கொடுப்பது இலேசான காரியம் இல்லை. ஆனால் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குள் அதே குடும்பம் மருமகளைப் பார்த்து, நீதான் என்று சொல்லத் தொடங்கும்போது, அவள் குற்றமற்றவள் என்று காட்டக்கூடிய ஒரே சான்று ஏற்கெனவே சாம்பலாகி இருக்கும். உண்மையிலேயே யாராவது செய்திருந்தால் அவருக்கும் அதே சாம்பல் காவலாகிவிடும். கிரஹாம் யங்கின் வழக்கில், இறந்தவர்களில் ஒருவரைத் தகனம் செய்த பிறகும் சாம்பலில் அவர் கொடுத்த தாலியம் என்ற நஞ்சு கிடைத்தது. அது எரிந்தாலும் அழியாத உலோகம் என்பதால் கிடைத்தது. எல்லா நஞ்சுக்கும் அப்படி எதிர்பார்க்க முடியாது. சந்தேகம் உள்ள மரணங்களில் உடலைத் தகனம் செய்யாமல் புதைக்கும்படி நீதவான் கட்டளையிடுவதன் பொருள் இதுதான். தேவைப்பட்டால் பின்னர் தோண்டி எடுக்கலாம்.

நடைமுறை இப்படி. திடீர் மரணத்தைப் பற்றி அறிந்தவர்கள் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1979ம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ விசாரித்து, பிரேத பரிசோதனைக்குக் கட்டளை இடுகிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி அதைச் செய்கிறார். நஞ்சு என்ற சந்தேகம் இருந்தால் இரத்தம், சிறுநீர், இரைப்பையில் உள்ளது, ஈரலின் ஒரு பகுதி ஆகியவற்றை முத்திரையிட்டு, பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்கள்தான் ஊர் வாய்க்குத் தீனி. சந்தேகத்தை விசாரணை அதிகாரியிடம் முதல் நாளே, தெளிவாக, இன்ன காரணத்தால் என்று சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் ஆய்வுகூடமும் சரியான பரிசோதனையைச் செய்யும். உறவுக்குள் வெட்கப்பட்டு மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து மதிலுக்கு மேலால் சொல்வதில் யாருக்கும் நீதி கிடைக்காது.

நீதிமன்றத்துக்கு வந்தால் என்ன நிரூபிக்க வேண்டும்? இந்திய உச்ச நீதிமன்றம் 1984ல் ஷரத் சார்தா என்பவரின் வழக்கில் நான்கு விஷயங்களைச் சொன்னது: கொடுப்பதற்குத் தெளிவான நோக்கம் இருந்தது, இறந்தவர் நஞ்சால்தான் இறந்தார், குற்றஞ்சாட்டப்பட்டவரின் கையில் அந்த நஞ்சு இருந்தது, கொடுக்க அவருக்குச் சந்தர்ப்பம் இருந்தது. எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அறிவுக்குப் பொருந்திய அளவுகோல் அது. உங்கள் ஒழுங்கைக் கதையை இதில் வைத்துப் பாருங்கள். மாமனாருக்குச் சமைத்துப் போட்ட மருமகளுக்குச் சந்தர்ப்பம் இருந்தது, சரி. அது வீட்டில் இருந்த எல்லாருக்கும்தான் இருந்தது. மற்ற மூன்றுக்கும் என்ன சாட்சி? யாரோ சொன்னார்கள் என்பதைத் தவிர எதுவும் இல்லை.

இனி எனக்கு மிகக் கோபம் வரும் இடம். வசிய மருந்து, இடுமருந்து, செய்வினை என்ற பெயரில் வயிற்றுக்குள் "மருந்து" கிடக்கிறது என்று சொல்லி, சத்தி எடுப்பித்து அதை வெளியே எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகன் தாய் சொல் கேட்காமல் மனைவி சொல் கேட்கிறான் என்றால்கூட அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மயிர் உருண்டை, கட்டி என்று ஏதோ ஒன்றைக் காட்டுவார்கள். சாதாரணமாக எந்த உணவும் மாதக்கணக்கில் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு கிடக்காது. சில மணி நேரத்தில் குடலுக்குள் இறங்கிவிடும். உள்ளே ஒன்றும் இல்லாத இடத்தில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டுகிறவர் அதைக் கையில்தான் கொண்டுவந்திருப்பார். இதில் இரண்டு கேடு. வருத்தத்தில் இருப்பவர் கடுமையான சத்தியில் நீர் வற்றிச் சாகலாம். வீட்டில் உள்ள ஒரு பெண், நஞ்சு வைத்தவள் என்ற பெயரோடு ஆயுள் முழுக்கத் தலைகுனிந்து வாழ வேண்டும். சட்டத்தின் கண்ணில், தெரியாத சரக்கைக் குடிக்கக் கொடுத்து ஒருவருக்குத் தீங்கு செய்கிறவர் அந்த மருந்து எடுக்கிறவர்தான்.

உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால்? சில அடையாளங்களை வைத்தியர்கள் கவனிப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தேறி, வீட்டுக்கு வந்ததும் அல்லது குறிப்பிட்ட ஒருவர் வந்து போனதும் திரும்பத் திரும்பச் சுகம் கெடுவது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி விளக்கமில்லாத வருத்தம். ஒருவர் தானே எல்லாச் சாப்பாட்டையும் மருந்தையும் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடுவது. இவற்றில் எதுவும் தனியாக நின்று ஒருவரைக் குற்றவாளி ஆக்காது. அன்பாகப் பார்க்கும் மகளும் அப்படித்தான் பக்கத்தில் இருப்பாள். ஆனால் வைத்தியரிடம் தனியாகச் சொல்லிவைக்கப் போதுமான காரணம். "நஞ்சாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, இரத்தமும் சிறுநீரும் எடுத்து வையுங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நேரம் போகப் போகப் பல பொருட்கள் உடம்பை விட்டுப் போய்விடும் என்பதால் முதல் நாள் எடுத்த மாதிரிக்குத்தான் பெறுமதி அதிகம். மிச்சச் சாப்பாடு, கோப்பை, போத்தல், குளிசை உறை எதையும் கழுவவோ எறியவோ வேண்டாம். தொடாமல் வைத்துப் பொலிஸிடம் கொடுங்கள்.

அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுங்கள். வீட்டில் உப்புத் தண்ணியோ முட்டை வெள்ளையோ பருக்கிச் சத்தி எடுப்பிக்க வேண்டாம். மயக்கத்தில் உள்ளவருக்குச் சத்தி நுரையீரலுக்குள் போனால் நஞ்சைவிட அது முந்திக்கொள்ளும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் நாடு முழுவதும் உள்ள வைத்தியர்களுக்கு வழிகாட்டுகிறது. அதனால் சின்ன ஆஸ்பத்திரி என்று தயங்காமல் கிட்ட உள்ளதற்கே போங்கள்.

உங்கள் ஐயாவின் விஷயத்தில், பிரேத பரிசோதனை நடந்திருந்தால் மரண விசாரணைக் கோவை நீதவான் நீதிமன்றத்தில் இருக்கும். குடும்பத்தவர் ஒருவர் விண்ணப்பித்து அறிக்கையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். இயற்கை மரணம் என்று அதில் இருந்தால், அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு முதலில் அந்த மருமகளின் கணவனிடம் போங்கள். மாதிரிகள் பத்தரமுல்லைக்குப் போய் அறிக்கை வரவில்லை என்றால் அது வரும்வரை பொறுங்கள். பரிசோதனையே இல்லாமல் புதைத்திருந்து, சந்தேகத்துக்கு உண்மையான அடிப்படையும் இருந்தால், உடலைத் தோண்டி எடுக்க நீதவானிடம் கேட்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. அதை மருமகளும் கேட்கலாம், தன் பெயரைத் துடைத்துக்கொள்வதற்காக. அவர் அப்படிக் கேட்க நினைத்தால், கூட நிற்க ஒரு சட்டத்தரணியைத் தேடிக் கொடுங்கள்.